சர்வே எண்ணிலிருந்து தொடங்குங்கள்: சேலத்திலும் ஏற்காட்டிலும் இணையம் வழியே சொத்து பார்ப்பவர்களுக்கு

சேலத்தில் மனை தேடி இணையத்தைத் திறந்தவர்கள், "புதிய பேருந்து நிலையத்திலிருந்து பத்தே நிமிடம்" என்ற வரியைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஐந்து ரோட்டில் ஒரு வண்டிகூட இல்லாத பின்னிரவில் கணக்கிட்ட பத்து நிமிடம் அது. மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ், ஹவுசிங், ஓஎல்எக்ஸ் போன்ற தளங்களும், ஃபேஸ்புக் விளம்பரங்களும், ட்ரோன் பறக்கவிட்டு எடுத்த யூடியூப் காணொளிகளும் விற்பவர் சொல்ல விரும்புவதை மட்டுமே சொல்கின்றன. அவற்றைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தப் பகுதியில் என்ன விலை கேட்கிறார்கள் என்று அறிய அவை உதவும். ஆனால் அந்த இடம் யாருடையது, அதன்மேல் கடன் இருக்கிறதா, அது மனையா, ஓடையா, கோயில் நிலமா என்பதை அரசு ஏடுகள்தான் சொல்லும். அந்த ஏடுகளில் பெரும்பகுதி இப்போது இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது என்றாலும், அவற்றைத் திறக்கச் சர்வே எண் கையில் இருக்க வேண்டும்.

ஆகவே விளம்பரம் பிடித்திருந்தால் விற்பவரிடமோ தரகரிடமோ முதலில் கேட்க வேண்டியது விலையை அன்று. வருவாய்க் கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு எண், மனைப்பிரிவாக இருந்தால் மனை எண், கடைசியாகப் பதிவான பத்திரத்தின் எண்ணும் ஆண்டும், எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்பது ஆகியவற்றைக் கேளுங்கள். "நேரில் வாருங்கள், எல்லாம் காட்டுகிறோம்" என்று மழுப்புகிறவரிடம் அடுத்த வாரம் இன்னொரு முறை கேட்கலாம்; அப்போதும் எண் வரவில்லையென்றால் அந்த இடத்தை மறந்துவிடுவது நல்லது. நாள்தோறும் பத்து விளம்பரம் பார்க்கிறவருக்கு இந்த ஒரு கேள்வியே எட்டைக் கழித்துக்கட்டும்.

கிராமத்தின் பெயரில் ஒரு குழப்பம் உண்டு. ஐந்து ரோடு, ஜங்ஷன், ஃபேர்லேண்ட்ஸ் என்று நாம் ஆட்டோக்காரரிடம் சொல்லும் பெயர்களை அரசுத் தளத்தின் பட்டியலில் தேடினால் கிடைக்காது; அங்கே இருப்பவை வருவாய்க் கிராமப் பெயர்கள். மாநகராட்சி எல்லைக்குள் நகர நில அளவை நடந்த பகுதிகளில் பழைய சர்வே எண்ணுக்குப் பதிலாக வார்டு, பிளாக், நகர சர்வே எண் என்று இருக்கும். பழைய பத்திரத்தில் பழைய எண்ணும் புதிய பத்திரத்தில் புதிய எண்ணும் இருப்பது அங்கே வழக்கம் என்பதால், இரண்டையும் கேட்டு வாங்கி இரண்டிலும் தேட வேண்டும்.

வில்லங்கச் சான்றை வாசிப்பது எப்படி

வில்லங்கச் சான்று என்பது ஒரு சொத்தின்மேல் பதிவான கிரையம், கடன் போன்றவற்றின் பட்டியல். பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் அதைக் கட்டணமின்றிப் பார்க்கலாம், பிடிஎஃப் கோப்பாக இறக்கிக்கொள்ளவும் செய்யலாம். மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், தேடும் காலம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு என்று வரிசையாகக் கேட்கும். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதலான பதிவுகள் கணினியில் உள்ளன. அதற்கு முந்தியவற்றுக்கு அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேடச் சொல்ல வேண்டும். காலத்தை ஐந்து, பத்து ஆண்டு என்று கஞ்சத்தனமாகக் கொடுக்காமல், குறைந்தது 30 ஆண்டு, முடிந்தால் கணினியில் உள்ள முதல் ஆண்டு வரை கொடுத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் அந்த ஊர் வேறு சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்திருந்தால், அந்தக் காலத்துக்குப் பழைய அலுவலகத்தின் பெயரில் தனியாகத் தேட வேண்டியிருக்கும். இதைத் தவறவிடுகிறவர்களே அதிகம்.

உட்பிரிவிலும் கவனம் வேண்டும். இன்று 45/2பி1 என்று இருக்கும் நிலம், 1990-இல் வெறும் 45/2 ஆக இருந்திருக்கும். புதிய உட்பிரிவை மட்டும் கொடுத்துத் தேடினால் சான்று சுத்தமாக வரும். விற்பவரும் அதைத்தான் அச்செடுத்துக் காட்டுவார். 45/2பி, 45/2 என்று மேலே போய்க்கொண்டே தேடினால்தான் அண்ணன் தம்பிகளுக்குள் நடந்த பாகப்பிரிவினையும், அதில் கையெழுத்துப் போடாத தங்கையும் வெளியே வருவார்கள்.

சான்றில் ஒவ்வொரு பதிவுக்கும் ஆவண எண்ணும் ஆண்டும், எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், ஆவணத்தின் தன்மை, கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு, முந்தைய ஆவண எண், அதற்குக் கீழே பரப்பும் நான்கு எல்லைகளும் இருக்கும். அதைக் கடைசிப் பதிவிலிருந்து பின்னோக்கி வாசியுங்கள். இன்று விற்பவர் எந்த ஆவணத்தால் வாங்கினார், அவருக்கு விற்றவர் யாரிடம் வாங்கினார் என்று சங்கிலி அறுபடாமல், அதன் தொடக்கமான தாய்ப்பத்திரம் வரை போக வேண்டும். நடுவில் ஒருவர் வாங்கியதாகவே பதிவு இல்லாமல் விற்றிருந்தால், அவருக்கு வாரிசாக வந்ததா, உயிலால் வந்ததா என்று கேட்டு, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உயில் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். "உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு" என்ற பதிவு இருந்தால் வங்கியில் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று பொருள். அந்தக் கடன் தீர்ந்ததைக் காட்டும் ரசீது ஆவணம் பின்னால் பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். கடன் கட்டி முடித்துப் பத்திரத்தையும் வாங்கிவிட்ட பலர் ரசீதைப் பதிவு செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். விற்பவர் யோக்கியமானவராக இருந்தாலும், நீங்கள் கடனுக்குப் போகும் வங்கி அதைக் கேட்டு நிற்கும்.

பொது அதிகாரம் பெற்றவர் விற்கிறார் என்றால் இன்னும் நிதானம் தேவை. அதிகாரம் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்த அதிகாரமும் பொதுவாக முடிந்துவிடும். அவர் உயிரோடு இருக்கிறார் என்ற மருத்துவச் சான்று பதிவுக்கு வேண்டும் என்பது ஒருபுறம் இருக்க, அவரிடமே ஒரு முறை பேசிவிடுவது அதைவிட நம்பகமானது. வெளிநாட்டில் இருக்கிறார் என்றால் காணொளி அழைப்பில் முகம் பார்த்துப் பேசலாம்.

வில்லங்கச் சான்றில் வராதவையும் பல. பதிவாகாத உயில், பதிவாகாத கிரைய ஒப்பந்தம், அசல் பத்திரத்தைப் பைனான்ஸ்காரரிடம் கொடுத்து வாங்கிய கைமாற்றுக் கடன், நிலுவையில் உள்ள வழக்கு ஆகியவற்றை அதில் எதிர்பார்க்காதீர்கள். வழக்குக்கு ஈகோர்ட்ஸ் தளத்தில் சேலம் மாவட்ட நீதிமன்றங்களைத் தேர்ந்தெடுத்து, விற்பவரின் பெயரையும் சங்கிலியில் அவருக்கு முன் இருந்தவரின் பெயரையும் கொடுத்துத் தேடலாம். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள் என்பதால் தந்தை பெயரையும் ஊரையும் வைத்துச் சலித்தெடுக்க வேண்டியிருக்கும். அரை மணி நேர வேலைதான். அசல் பத்திரத்தை மட்டும் கண்ணால்தான் பார்க்க வேண்டும், அதற்கு இணையத்தில் வழி கிடையாது.

பட்டா, அ-பதிவேடு, புலப்படம்

வருவாய்த் துறையின் இணைய சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது சர்வே எண் கொடுத்து, கைபேசிக்கு வரும் ஓடிபியை உள்ளிட்டால் பட்டா விவரம் திரையில் வரும். விற்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பட்டாவை நம்பி உட்காராதீர்கள். நீங்களே எடுங்கள், அல்லது அதிலுள்ள குறிப்பு எண்ணைத் தளத்தில் கொடுத்துச் சரிபாருங்கள். பட்டாவில் இருக்கும் பெயரும், கடைசிக் கிரையப் பத்திரத்தில் எழுதி வாங்கியவர் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்பது முதல் கேள்வி. கூட்டுப் பட்டாவாக நான்கு பெயர் இருந்து ஒருவர் மட்டும் விற்க வந்தால், மற்ற மூவரும் எங்கே என்பது இரண்டாவது கேள்வி. பட்டா இருந்தாலே உரிமை உறுதியாகிவிடாது, பத்திரம் இருந்தாலே அனுபவம் இருப்பதாகவும் ஆகாது; இரண்டும் ஒன்றையொன்று தாங்க வேண்டும்.

பரப்பைப் படிப்பதில் பலர் தடுமாறுகிறார்கள். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்ற அளவுகளில்தான் இருக்கும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேர் 100 ஏர், அதாவது ஏறக்குறைய 2.47 ஏக்கர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. "0 - 04.05" என்று இருந்தால் அது 4.05 ஏர், ஏறக்குறையப் பத்து சென்ட். விற்பவர் பன்னிரண்டு சென்ட் என்கிறார், பத்திரத்திலும் பன்னிரண்டு சென்ட் எழுதியிருக்கிறது, பட்டாவில் 4.05 ஏர்தான் இருக்கிறது என்றால், மீதி இரண்டு சென்ட் காகிதத்தில் மட்டும் இருக்கிறது. அந்த இரண்டு சென்டுக்கும் சேர்த்துத்தான் அவர் விலை கேட்கிறார்.

அ-பதிவேட்டின் பகர்ப்பு, நிலத்தின் வகைப்பாட்டைச் சொல்கிறது. நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா, நத்தம் என்னும் குடியிருப்பு நிலமா என்பது அதில் இருக்கும். குறிப்புக் கலத்தையும் விடாமல் வாசியுங்கள். ஆதிதிராவிடர்களுக்கு நிபந்தனையுடன் ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலத்தை அந்த வகுப்பைச் சேராதவர் வாங்கினால் அந்தக் கிரையம் நிற்காது. கோயில் நிலங்களின் விவரங்களை இந்து சமய அறநிலையத் துறை தன் தளத்தில் வெளியிட்டிருக்கிறது, அதையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

புலப்படத்தைத்தான் மிகக் குறைவானவர்கள் பார்க்கிறார்கள். எனக்கு அதன்மேல் தனிப் பிரியம் உண்டு. ஒரு சர்வே எண்ணின் எல்லைகளையும், உட்பிரிவுகளையும், ஒவ்வொரு பக்கத்தின் நீளத்தையும் மீட்டரில் காட்டும் ஒற்றைத் தாள் அது. சுற்றியுள்ள சர்வே எண்கள் வெளி ஓரத்தில் குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் உட்பிரிவுக்குப் போகும் பாதை புலப்படத்தில் இருக்கிறதா, அது தனிச் சர்வே எண் கொண்ட அரசுப் பாதையா, இல்லை பக்கத்துக்காரரின் பட்டா நிலத்தில் பழக்கத்தால் நடந்து நடந்து உண்டான தடமா என்பதைப் பாருங்கள். தரையில் இருபது அடி சாலை இருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். பக்கத்துக்காரர் முள்வேலி போட்டால் உங்கள் வீட்டுக்கு ஹெலிகாப்டரில்தான் போக வேண்டும்.

என் உறவினர் ஒருவருக்காக அயோத்தியாபட்டணம் பக்கம் ஒரு மனையைப் பார்க்கப் போனோம். செம்மண் கொட்டி நிரவி, மஞ்சள் வண்ணம் அடித்த கற்கள் நட்டு, நுழைவாயிலில் வளைவுகூட வைத்திருந்தார்கள். காகிதங்களில் பெரிய குறை இல்லை. வீட்டுக்கு வந்து புலப்படத்தை எடுத்தபோது, எங்களுக்குக் காட்டிய மனையின் பின்பக்கத்தை ஒட்டி வேறொரு சர்வே எண் குறுகலாக, பாம்பு போல வளைந்து போவது தெரிந்தது. அந்த எண்ணின் அ-பதிவேட்டில் "ஓடை" என்றிருந்தது. கூகுள் எர்த் மென்பொருளில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்க்கும் வசதி உண்டு. அதில் சில ஆண்டுகள் பின்னே போனதும், இப்போது மஞ்சள் கல் நட்டிருக்கும் இடத்தின் வழியாகவே பச்சைக் கோடாக ஓடை தெரிந்தது. ஓடையை ஒதுக்கித் தள்ளி மண் கொட்டியிருக்கிறார்கள். மனைக்கு மட்டுமே பட்டா உண்டு, மழைத் தண்ணீர் பட்டாவைக் கேட்டுக்கொண்டு வராது. அந்த இடத்தை விட்டுவிட்டோம்.

சேலம் ஏரிகளின் ஊர். மூக்கனேரி, போடிநாயக்கன்பட்டி ஏரி, பள்ளப்பட்டி ஏரி, குமரகிரி ஏரி என்று நகரைச் சுற்றி ஏரிகளும் அவற்றை இணைத்த வாய்க்கால்களும் திருமணிமுத்தாற்றை நோக்கிச் சரிந்த நிலமும் இருந்தன. இவற்றின் பக்கத்தில் மனை பார்ப்பவர்கள், நல்ல மழை பெய்த ஆண்டின் படத்தையும் கோடைக் காலத்துப் படத்தையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

நிலம் கையகப்படுத்தும் திட்டங்களையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சேலம் - சென்னை எட்டு வழிச் சாலைக்கு 2018-இல் நிலம் அளந்து கல் நட்டபோது, அதன் வழியில் சமீபத்தில் மனை வாங்கியிருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கையகப்படுத்தும் அறிவிப்புகளை ரத்து செய்தது; 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கையகப்படுத்தும் நடவடிக்கையைத் தொடரலாம் என்றது. நீங்கள் பார்க்கும் இடம் நெடுஞ்சாலையை ஒட்டியோ, ஓமலூர்ப் பக்கம் விமான நிலையத்தை ஒட்டியோ இருந்தால், சர்வே எண்ணைக் கொண்டு பழைய நாளிதழ் அறிவிப்புகளைத் தேடுங்கள். அதோடு நில்லாமல் வட்டாட்சியர் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

அங்கீகாரம் என்ற சொல்

"பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்று விளம்பரத்தில் இருந்தால் அதை அங்கீகாரம் இல்லாதது என்றே வாசியுங்கள். ஊராட்சித் தலைவருக்கு மனைப்பிரிவுக்குத் தாமாக அனுமதி கொடுக்கும் அதிகாரம் இல்லை. சேலம் மாவட்டத்தில் அது நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டிடிசிபி சார்ந்த வேலை. 2016 அக்டோபர் 20-க்கு முன் மனை விற்பனை பதிவாகியிருந்த அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பழைய மனை என்றால் மனைப்பிரிவுக்கான வரன்முறை ஆணையும், உங்கள் தனி மனைக்கான வரன்முறை ஆணையும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். முன்பு ஒருபோதும் மனையாகப் பதிவாகாத அங்கீகாரமற்ற மனையைப் பத்திரப்பதிவு செய்வதைப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடுக்கிறது.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவுகளும், எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட அடுக்குமாடித் திட்டங்களும் ரெரா என்னும் ஒழுங்குமுறைக் குழுமத்தில் பதிவு பெற வேண்டும். விளம்பரத்திலும் அந்தப் பதிவு எண் இருக்க வேண்டும். எண் அச்சிட்டிருப்பதோடு திருப்தி அடையாமல், குழுமத்தின் தளத்தில் அந்த எண்ணைத் தேடி, திட்டத்தின் பெயர், சர்வே எண்கள், முடிக்க வேண்டிய நாள், அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் ஆகியவற்றைப் பாருங்கள். பக்கத்துத் திட்டத்தின் எண்ணைத் தன் விளம்பரத்தில் போட்டுக்கொள்ளும் கெட்டிக்காரர்கள் உண்டு. வரைபடத்தில் "பூங்கா" என்று ஒதுக்கிய மூலை, தரையில் இன்னொரு மனையாக உங்களுக்குக் காட்டப்படுகிறதா என்பதையும் ஒப்பிடுங்கள்.

விலையை எப்படிக் கணிப்பது

தளங்களில் காணும் விலை கேட்கும் விலைதானே ஒழிய, கிரையமான விலை அன்று. மூன்று மாதமாக அதே படத்துடன் நிற்கும் விளம்பரத்தில், விலை கூடுதலாக இருக்கிறது அல்லது காகிதத்தில் ஏதோ இருக்கிறது. பதிவுத் துறைத் தளத்தில் தெரு வாரியாகவும் சர்வே எண் வாரியாகவும் வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்காக அரசு நிர்ணயித்த மதிப்பைப் பார்க்கலாம். அது சந்தை விலை ஆகாது. நகரத்தின் பல இடங்களில் சந்தை அதைவிட மிக மேலே நிற்கும். ஆனால் செலவைக் கணக்கிட அது வேண்டும். கிரையத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக 9 விழுக்காடு. வழிகாட்டி மதிப்பு, கிரையத் தொகை இரண்டில் எது அதிகமோ அதன்மேல் கணக்கிடுவார்கள். சதுர அடிக்கு 1,000 ரூபாய் வழிகாட்டி மதிப்புள்ள 1,200 சதுர அடி மனைக்கு மதிப்பு 12 லட்சம். நீங்கள் 25 லட்சத்துக்கு வாங்கினால் 9 விழுக்காடு என்பது 2,25,000 ரூபாய். பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு சலுகை 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வழிகாட்டி மதிப்புக்கே பத்திரம் போட்டுவிட்டு மீதியைக் கறுப்பில் கொடுங்கள் என்பார் விற்பவர். நாளைக்கு நீங்கள் விற்கும்போது அந்தக் கறுப்புக்கும் சேர்த்து லாபவரி கட்டப்போவது நீங்கள்தான். சொத்துப் பரிவர்த்தனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாறுவதை வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை.

ஏற்காட்டுக்கு வேறு கணக்கு

சேலத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனதும் குளிர்காற்று பட்டுப் பலருக்கும் புத்தி சற்றே மந்தமாகிவிடுகிறது. சனிக்கிழமை மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தடியில் காபி குடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முன்பணம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். இணைய விளம்பரங்களில் "எஸ்டேட் பிளாட்", "ஃபார்ம் லேண்ட்", "வியூ பாயிண்ட் மனை" என்ற பெயர்களில் வருபவை பெரும்பாலும் காபித் தோட்டத்தைத் துண்டு போட்டவையே.

ஏற்காடு, மலையிடப் பாதுகாப்புக்கு உட்பட்ட பகுதி. சமவெளியில் மனைப்பிரிவுக்கு வேண்டிய அனுமதிகளுடன் இங்கே மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் இசைவும் சேர வேண்டும். வருவாய், வனம், வேளாண்மைப் பொறியியல், புவியியல் போன்ற துறைகளின் கருத்தைக் கேட்டுத்தான் அது கிடைக்கும். மலைப்பகுதியின் அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்தவும் தனித் திட்டம் வந்தது; சமவெளி ஆணையைக் காட்டி மலை மனையை விற்க வந்தால் ஏற்காதீர்கள். வீடு கட்ட அனுமதி கிடைக்காத நிலத்தைப் "பண்ணை நிலம்" என்ற பெயரில் விற்பதற்குத் தடை இல்லை என்பதால், வாங்குவதற்கு முன் "இங்கே வீடு கட்ட அனுமதி வாங்கிய ஆணையைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பக்கத்தில் நாலு பேர் கட்டியிருக்கிறார்களே என்ற பதில் ஆணையாகாது.

இரண்டாவதாக, சேர்வராயன் மலையின் பழங்குடிகள் மலையாளி மக்கள் (கேரளத்து மலையாளிகள் அல்லர்). அவர்களுக்கு அரசு ஒப்படை செய்த நிலங்களை மற்றவர்களுக்கு மாற்ற வருவாய்த் துறைக் கட்டுப்பாடுகள் உண்டு. வெள்ளக்கடை, நாகலூர், செம்மநத்தம், வாழவந்தி போன்ற ஊர்ப் பக்கம் சிறு துண்டு நிலம் மலிவாக வருகிறது என்றால், வில்லங்கச் சான்றோடு முடிக்காமல் அந்தப் பட்டாவின் மூலம் ஒப்படையா, நிபந்தனை என்ன என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பதில் வாங்குங்கள். பெரிய தோட்டமாக இருந்தால் நில உச்சவரம்புச் சட்டத்தில் தோட்டத்துக்குரிய விலக்கு பெற்றதா என்பதையும், அதைத் துண்டாக்கினால் விலக்கு என்னவாகும் என்பதையும் இத்துறை தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்பது அவசியம். நிழல் மரங்களை வெட்டவும் அனுமதி வேண்டும். மரத்தின் விலையைக் கூட்டி நிலத்தின் விலையைச் சொல்கிறவரிடம் இதை நினைவுபடுத்தலாம்.

மலையில் செயற்கைக்கோள் படம் ஏமாற்றும். மேலிருந்து எடுத்த படத்தில் சரிவு தெரியாது. ஒரு ஏக்கர் தட்டையாகக் கிடப்பதுபோல் இருக்கும். கூகுள் எர்த்தில் இடத்தின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் சுட்டியை வைத்து உயரத்தைக் குறித்துக்கொண்டு, நடுவிலுள்ள தூரத்தை அளந்துவிடுங்கள். நூறு மீட்டர் தூரத்தில் நாற்பது மீட்டர் இறக்கம் என்றால் அங்கே வீட்டைவிடத் தடுப்புச் சுவருக்குத்தான் அதிகம் செலவாகும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அந்த நாட்களின் செய்திக் காணொளிகளைத் தேடிப் பார்த்து, உங்கள் இடத்துக்குப் போகும் கிளைச் சாலை அவற்றில் வருகிறதா என்று கவனியுங்கள். தண்ணீரைப் பற்றி எந்தத் தளமும் சொல்லாது. மே மாதத்தில் போய்ப் பக்கத்துத் தோட்டத்துக் காவலாளியிடம் கேளுங்கள்.

விற்பவர்களுக்கும் வாடகைக்கு விடுபவர்களுக்கும்

விற்பவர் முதலில் மேலே சொன்ன அத்தனையையும் தம் சொத்துக்கே செய்து பார்க்க வேண்டும். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் அதை மாற்றிவிட்டு, வங்கிக் கடனின் ரசீதையும் பதிவு செய்துவிட்டு விளம்பரம் கொடுத்தால் பேரம் பாதி முடிந்தது. சர்வே எண்ணைக் கேட்பவருக்குத் தயங்காமல் கொடுங்கள். ஆனால் முழுப் பத்திரத்தின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அதில் உங்கள் புகைப்படம், கையெழுத்து, கைரேகை, அடையாள எண் எல்லாம் இருக்கின்றன. அசலைப் பார்க்க விரும்புகிறவர் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும். இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த சொத்தை விற்ற லாபத்துக்கு 12.5 விழுக்காடு வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியதாக இருந்தால், இந்தியாவில் வசிப்பவர் பணவீக்கச் சரிக்கட்டலுடன் 20 விழுக்காடு என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம்.

வாடகைக்கு விளம்பரம் கொடுத்த மறுநாளே ஒரு அழைப்பு வரும். ராணுவத்தில் இருப்பதாகவும், சேலத்துக்கு மாற்றலாகி வருவதாகவும், வீட்டைப் பார்க்காமலே முன்பணம் அனுப்புவதாகவும் சொல்லி, "இந்தக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள், பணம் உங்களுக்கு வந்துவிடும்" என்பார். என் அத்தையிடம் இப்படிப் பேசி, "முதலில் ஐந்து ரூபாய் சோதனைக்கு" என்று தொடங்கினார்கள். நல்லவேளையாக அத்தைக்குப் பின் எண் மறந்துபோயிருந்தது. பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம். ஏமாந்துவிட்டால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். மறுபுறம், வாடகைக்கு வருகிறவர்கள், சாவியைக் கூரியரில் அனுப்புவதாகச் சொல்லும் உரிமையாளருக்கு ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது.

2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை அரசின் வாடகைத் தளத்தில் பதிந்து எண் பெற வேண்டும், வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. மாத வாடகைக்குப் பதிலாக மொத்தத் தொகை கொடுத்துப் போக்கியத்துக்கு வீடு எடுப்பவர்களுக்குத்தான் சேலத்தில் ஆபத்து அதிகம். ஐந்து லட்சம், எட்டு லட்சம் என்று கொடுத்துவிட்டு முத்திரைத்தாளில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். உரிமையாளர் வங்கிக்குத் தவணை கட்டாமல் போய், ஏல அறிவிப்பு ஒட்டப்படும் நாளில்தான் வீட்டின்மேல் கடன் இருப்பதே தெரிகிறது. போக்கியத்துக்கும் வில்லங்கச் சான்று பாருங்கள், பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள்.

முன்பணம் கொடுத்தபின்

விற்பவரின் வங்கிக் கணக்குக்கு மட்டுமே பணம் அனுப்புங்கள். தரகரின் கணக்குக்கோ மச்சானின் கணக்குக்கோ அனுப்ப வேண்டாம். 50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள கிரையத்தில் ஒரு விழுக்காட்டை வரியாகப் பிடித்துக் கட்டும் பொறுப்பு வாங்குபவருடையது. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் தொகைக்கு வரம்பே இல்லை, விழுக்காடும் வேறு; கணக்காயரைக் கேட்காமல் அனுப்பாதீர்கள். பதிவு நாளன்று காலையில் வில்லங்கச் சான்றை மீண்டும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். முன்பணம் கொடுத்த மூன்று மாத இடைவெளியில் இன்னொருவருக்கு ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

உட்பிரிவு செய்யத் தேவையில்லாத, விற்பவர் பெயரிலேயே பட்டா உள்ள சொத்தானால் பதிவுக்குப்பின் பட்டா தானாக மாறும். உட்பிரிவு தேவையென்றால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். அந்த நாளில் நீங்களும் பக்கத்துக்காரர்களும் இடத்தில் இருப்பது நல்லது. ஒரு மாதம் கழித்து இணைய சேவைத் தளத்தில் அதே சர்வே எண்ணைக் கொடுத்துப் பட்டாவில் உங்கள் பெயர் எழுத்துப் பிழையின்றி வந்திருக்கிறதா, தந்தை பெயர் சரியா, பரப்பு பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். "முருகேசன்" "முருகேசு" ஆகியிருந்தால் அப்போதே திருத்த மனுக் கொடுங்கள். பத்து ஆண்டு கழித்து உங்கள் மகள் அந்த மனையை வைத்து வீட்டுக் கடனுக்குப் போகும்போது வங்கி முதலில் பிடித்துக்கொள்வது அந்த ஓரெழுத்தைத்தான்.